கொடி, கோடு, குடவோலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த ஆகஸ்ட் இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி கொடிகளைப் பற்றியவை. பள்ளிகளில் வினாடி வினா நடக்கும் மாதம், வேறெப்படி இருக்கும்? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். "எது?", "எத்தனை?" என்று கேட்கும்போது கூடவே "ஏன்?" என்றும் கேளுங்கள். சமூக அறிவியல் வாத்தியாராக இருந்த காலத்திலிருந்து நான் பிடிவாதம் பிடிப்பது இந்த ஒன்றில்தான். ஒற்றைச் சொல்லில் படித்தது பரீட்சை முடிந்ததும் போய்விடும். காரணத்தோடு படித்தது தங்கும். சரி, கடிதங்களுக்குப் போகலாம்.

பதினொன்றாம் வகுப்பு மாணவர், விருதுநகர்:
ஐயா, இரண்டு நாடுகளுக்கு ஒரே கொடி இருக்கலாமா? யாரும் தடுக்க மாட்டார்களா?

இருக்கலாம் தம்பி, இருக்கவும் செய்கிறது. "இந்தக் கொடியை ஏற்கெனவே ஒருவர் எடுத்துக்கொண்டார், வேறு கொண்டு வா" என்று திருப்பி அனுப்பும் உலக அலுவலகம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் என்ன எழுதி வைக்கிறதோ அதுதான் அதன் கொடி.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 1936 பெர்லின் ஒலிம்பிக் கதை. சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாடு இருக்கிறது. அதன் கொடி மேலே நீலம், கீழே சிவப்பு. கரீபியக் கடலில் இருக்கும் ஹைட்டியின் மக்கள் கொடியும் மேலே நீலம், கீழே சிவப்பு. இரண்டு நாட்டு வீரர்களும் பெர்லினுக்கு வந்த பிறகுதான் இந்த ஒற்றுமை தெரிந்தது. கடல் கடந்து இருக்கும் இரண்டு நாடுகள். ஒன்றின் கொடியை மற்றது பார்க்க அதுவரை வாய்ப்பே வரவில்லை. அடுத்த ஆண்டே, 1937-இல், லீக்டன்ஸ்டைன் தன் நீலப் பட்டையில் ஒரு பொன் கிரீடத்தைச் சேர்த்துக்கொண்டது. சண்டை, வழக்கு எதுவும் இல்லை.

எல்லா இடத்திலும் இவ்வளவு சுமுகமாக முடியவில்லை. ஆப்பிரிக்காவின் சாட் நாடு 1959-இல் நீலம், மஞ்சள், சிவப்பு என்று மூன்று செங்குத்துப் பட்டைகளைத் தேர்ந்தெடுத்தது. ருமேனியாவின் கொடியிலும் அதே மூன்று வண்ணம், அதே வரிசை. ஆனால் அப்போது நடுவில் கம்யூனிஸ்ட் அரசின் சின்னம் இருந்ததால் குழப்பம் வரவில்லை. 1989 டிசம்பரில் ருமேனிய மக்கள் தெருவில் இறங்கியபோது முதலில் செய்த காரியம், கொடியின் நடுவில் இருந்த அந்தச் சின்னத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்ததுதான். நடுவில் ஓட்டையோடு கொடிகள் பறக்கும் புகைப்படங்கள் உலகமெங்கும் வந்தன. ஆட்சி விழுந்ததும் சின்னம் சட்டப்படியும் நீக்கப்பட்டது. மிச்சம் இருந்தது சாட் கொடி! சாட் கொடியின் நீலம் கொஞ்சம் அடர்த்தி, அவ்வளவுதான் வித்தியாசம். 2004-இல் சாட் இந்த விஷயத்தை ஐ.நா.விடம் கொண்டுபோனது. ருமேனியா மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டது. மக்கள் உயிரைக் கொடுத்து மீட்ட கொடியை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்? எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

இந்தோனேசியாவும் மொனாக்கோவும் இன்னொரு ஜோடி: மேலே சிவப்பு, கீழே வெள்ளை. இந்தோனேசியக் கொடியின் அளவு விகிதம் 2:3, மொனாக்கோவுடையது 4:5. தலைகீழாகப் பிடித்தால் போலந்து. தேர்வில் படம் கொடுத்துக் கேட்டால் நீள அகலத்தைப் பாருங்கள்.

ஆசிரியை, ஓசூர்:
நேபாளக் கொடி மட்டும் ஏன் செவ்வகமாக இல்லை?

இமயமலைப் பகுதிக் கோயில்களிலும் படைகளிலும் முக்கோணக் கொடிகள்தான் காலங்காலமாக வழக்கம். அப்படிப்பட்ட இரண்டு முக்கோணங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்ததுதான் நேபாளக் கொடி. மற்ற நாடுகள் ஐரோப்பியரைப் பார்த்துச் செவ்வகத்துக்கு மாறின, நேபாளம் மாறவில்லை. இப்போதைய வடிவம் 1962 டிசம்பர் 16-இல் வந்தது. அதற்கு முன்பு சந்திரனுக்கும் சூரியனுக்கும் கண், மூக்கு, வாய் எல்லாம் வரைந்திருந்தார்கள்.

நீங்கள் ஆசிரியை என்பதால் ஒன்று சொல்கிறேன். அந்தக் கொடியை எப்படி வரைய வேண்டும் என்பதை நேபாள அரசியல் சட்டமே 24 படிகளில் சொல்லித் தருகிறது. சிவப்புத் துணியின் கீழ்ப்பகுதியில் இடமிருந்து வலமாக வேண்டிய நீளத்துக்கு ஒரு கோடு போடு என்று தொடங்கும். எங்கே கோணம், எங்கே வட்டம், சந்திரப் பிறையின் வில் எங்கிருந்து எங்கே என்று ஒவ்வொன்றாக வரும். நான் பிள்ளைகளிடம் காம்பஸையும் ஸ்கேலையும் கொடுத்து இதை வரையச் சொல்வேன். கணக்கு, வரலாறு, அரசியல் சட்டம் மூன்றும் ஒரே தாளில் முடிந்துவிடும். உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள், வரைந்து முடித்த பிள்ளை அந்தக் கொடியை மறக்கவே மறக்காது.

இல்லத்தரசி, காரைக்குடி:
வீட்டு மாடியில் தேசியக் கொடி ஏற்றினால் சாயங்காலம் இறக்கியே ஆக வேண்டுமா? பாலியெஸ்டர் கொடி ஏற்றலாமா?

இரண்டுக்கும் விதி மாறிவிட்டதம்மா. 2021 டிசம்பரில் செய்த திருத்தத்துக்குப் பிறகு பாலியெஸ்டர் துணிக்கும் இயந்திரத்தில் செய்த கொடிக்கும் அனுமதி உண்டு. 2022 ஜூலையிலிருந்து வீட்டில் இரவும் பகலும் பறக்கவிடலாம். கிழிந்ததையும் சாயம் போனதையும் ஏற்றக் கூடாது. காவி மேலே இருக்க வேண்டும். கொடியில் எதையும் எழுதக் கூடாது. நீள அகலம் 3:2. பழசானால் குப்பையில் போடாமல், தனியிடத்தில் மரியாதையோடு எரித்துவிடச் சொல்கிறது கொடி விதி.

நம் வீட்டில் நாம் கொடி ஏற்றும் உரிமையே சுதந்திரத்துக்கு ரொம்பக் காலம் கழித்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. முன்பெல்லாம் குறிப்பிட்ட சில நாட்களில்தான் பொதுமக்கள் ஏற்றலாம். தொழிலதிபர் நவீன் ஜிண்டால் தன் தொழிற்சாலையில் கொடி ஏற்றியதற்கு அதிகாரிகள் தடை போட, அவர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2002 ஜனவரி 26-இல் புதிய கொடி விதி நடைமுறைக்கு வந்தது. 2004-இல் உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடி ஏற்றுவது குடிமகனின் கருத்துரிமையில் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது.

சென்னைக்கு வந்தால் கோட்டை அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடி அங்கே இருக்கிறது. 12 அடி நீளம், 8 அடி அகலம்.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வர், தேனி:
தென்னாப்பிரிக்காவின் தலைநகர் எது? ஒவ்வொரு கைடிலும் ஒவ்வொன்று போட்டிருக்கிறது.

மூன்றும் சரி. அரசு நிர்வாகம் பிரிட்டோரியாவில், நாடாளுமன்றம் கேப் டவுனில், உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் புளூம்ஃபான்டைனில். 1910-இல் நான்கு பகுதிகளைச் சேர்த்து ஒன்றியம் அமைத்தபோது யாருக்கும் வருத்தம் வராமல் பங்கு பிரித்ததன் விளைவு இது. அரசியல் சட்ட நீதிமன்றம் மட்டும் பிற்காலத்தில் ஜோகன்னஸ்பர்க்கில் அமைந்தது. பொலிவியாவுக்குச் சட்டப்படி சூக்ரே, அரசு இயங்குவது லா பாஸில். இலங்கைக்குச் சட்டமன்றத் தலைநகர் ஸ்ரீ ஜெயவர்தனபுர கோட்டே. ஏரிக்கு நடுவே ஜெஃப்ரி பாவா கட்டிய நாடாளுமன்றக் கட்டடம் 1982-இல் அங்கே திறக்கப்பட்டது. பசிபிக்கில் நவ்ரு என்று 21 சதுர கிலோமீட்டர் நாடு இருக்கிறது. அதற்கு அதிகாரபூர்வத் தலைநகரே கிடையாது. யாரென் என்ற மாவட்டத்தில் நாடாளுமன்றம் இருப்பதால் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

அச்சகத் தொழிலாளி, சிவகாசி:
பங்களாதேஷுக்குள் இந்தியா, அதற்குள் பங்களாதேஷ், அதற்குள் மறுபடி இந்தியா என்று ஒரு இடம் இருந்ததாக என் மகன் சொல்கிறான். நிஜமா?

நிஜம்தான். 2015 ஜூலை 31 நள்ளிரவு வரை இருந்தது. இடத்தின் பெயர் தஹலா காக்ராபாரி. ஒரு சணல் வயல், இரண்டு ஏக்கர்கூட இல்லை. அது இந்தியா. அதைச் சுற்றி ஒரு பங்களாதேஷ் கிராமம். அந்தக் கிராமத்தைச் சுற்றி இந்திய நிலம். அந்த நிலத்தைச் சுற்றிலும் பங்களாதேஷ். உலகத்தில் இப்படி மூன்று சுற்று இருந்த ஒரே இடம் அதுதான். அந்த வயலின் சொந்தக்காரர் ஒரு பங்களாதேஷ் விவசாயி.

இது மாதிரித் துண்டு நிலங்களை அந்தப் பக்கத்து மக்கள் சிட்மஹால் என்பார்கள். மேற்கு வங்கத்தின் கூச் பெஹாரை ஒட்டிய எல்லையில் பங்களாதேஷுக்குள் 111 இந்தியத் துண்டுகள், இந்தியாவுக்குள் 51 பங்களாதேஷ் துண்டுகள் இருந்தன. கூச் பெஹார் ராஜாவும் ரங்பூரின் முகலாய அதிகாரியும் சதுரங்கம் ஆடி, கிராமங்களைப் பணயம் வைத்துத் தோற்றதால் இப்படி ஆனது என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கேட்கச் சுவையான கதை. உண்மைக் காரணம் 1713-இல் இருவருக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம். சண்டை நின்ற இடத்தில் யார் கையில் எந்த ஊர் இருந்ததோ அது அவரவருக்கே என்று விட்டுவிட்டார்கள். அப்போது அதனால் யாருக்கும் கஷ்டமில்லை. வரி யாரிடம் கட்டுவது என்பது மட்டும்தான் வேறுபாடு. வெள்ளைக்காரர்கள் காலத்திலும் அப்படியே ஓடியது.

1947-இல் ரங்பூர் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனது, 1949-இல் கூச் பெஹார் இந்தியாவில் சேர்ந்தது. ஜமீன் எல்லையாக இருந்த கோடு இரு தேசங்களின் எல்லையாகிவிட்டது. அதற்குப் பிறகு அங்கே இருந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் மனசு கனக்கிறது. 50,000-க்கும் மேற்பட்ட மக்கள். தங்கள் நாட்டு அரசாங்கம் அவர்களிடம் வர முடியாது, ஏனென்றால் நடுவில் வேறு நாடு. சுற்றியிருக்கும் நாட்டின் அரசாங்கத்துக்கு அவர்கள் அந்நியர்கள். மின்கம்பி தலைக்கு மேலே போகும், வீட்டுக்கு இணைப்பு கிடைக்காது. சந்தைக்குப் போனாலே சட்டப்படி அது எல்லை தாண்டிய குற்றம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, அக்கம்பக்கத்து ஊர்க்காரர் பெயரைத் தகப்பன் பெயராக எழுதிக் கொடுத்த குடும்பங்கள் உண்டு.

1958-இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் பேசினார்கள். 1974-இல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் நிலங்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் செய்தார்கள். அதை நிறைவேற்ற 2015-இல் நம் அரசியல் சட்டத்தின் 100-வது திருத்தம் வர வேண்டியிருந்தது. 41 ஆண்டுகள்! தேர்வுக்குப் படிக்கிறவர்கள் "100-வது திருத்தம் – இந்திய பங்களாதேஷ் நில எல்லை" என்று ஒரு வரியில் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த ஒரு வரிக்குள் இத்தனை குடும்பங்கள் இருக்கின்றன.

எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்பதை மக்களிடமே விட்டார்கள். பங்களாதேஷுக்குள் இருந்த இந்தியத் துண்டுகளிலிருந்து ஆயிரத்துக்கும் குறைவானவர்கள் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். இந்தப் பக்கம் இருந்த பங்களாதேஷ் துண்டுகளிலிருந்து ஒருவரும் போகவில்லை. 2016 மேற்கு வங்கச் சட்டமன்றத் தேர்தலில், தள்ளாத வயதில் இருந்தவர்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள்.

உங்கள் மகனிடம் இதையும் சொல்லுங்கள்: ஒரு துண்டு இன்னும் இருக்கிறது. தஹகிராம் அங்கர்போத்தா என்ற பங்களாதேஷ் ஊருக்கு இந்திய நிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அதற்காகவே தீன் பீகா என்ற சிறு பாதையை 1992-இல் திறந்துவிட்டார்கள். 2011-இலிருந்து அது 24 மணி நேரமும் திறந்திருக்கிறது.

வங்கி ஊழியர், திருச்சி:
இந்திய அரசியல் சட்டத்தில் நடராஜர் படம் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நாம் கடையில் வாங்கும் புத்தகத்தில் இருக்காது, மூலப் பிரதியில் இருக்கிறது. அந்தப் பிரதி அச்சில் கோத்தது இல்லை, முழுக்கக் கையால் எழுதியது. ஆங்கிலப் பிரதியை எழுதியவர் டெல்லியைச் சேர்ந்த பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா. குடும்பமே எழுத்துக்கலைக் குடும்பம், தாத்தாவிடம் கற்றவர். எவ்வளவு கூலி வேண்டும் என்று நேரு கேட்டபோது காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் தன் பெயரும் கடைசிப் பக்கத்தில் தன் பெயரோடு தாத்தாவின் பெயரும் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாராம். எழுதி முடிக்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது. இந்திப் பிரதியை எழுதியவர் வசந்த் கிருஷ்ண வைத்யா.

படங்கள் சாந்திநிகேதனில் நந்தலால் போஸும் அவருடைய மாணவர்களும் வரைந்தவை. முகவுரைப் பக்கத்தைச் சுற்றியுள்ள வேலைப்பாட்டைச் செய்தவர் பியோஹர் ராம்மனோகர் சின்ஹா. 22 பாகங்களுக்கும் தலைப்பில் படம் உண்டு. மொகஞ்சதாரோ காளை முத்திரை, புத்தர், மகாவீரர், நாளந்தா, அக்பர், சிவாஜி, ஜான்சி ராணி, திப்பு சுல்தான், தண்டி யாத்திரை போகும் காந்தி என்று வரலாறே வரிசையாக வருகிறது. சோழர் செப்புத் திருமேனியைப் பார்த்து வரைந்த நடராஜரும், மாமல்லபுரத்தில் பாறையில் செதுக்கிய தவக் காட்சியும் நம் பக்கத்துப் பங்கு. அந்த மாமல்லபுரப் படத்தை நேரம் ஒதுக்கிப் பாருங்கள். மலையளவு பாறையில் இருப்பதை ஒரு பக்கத்தின் தலைப்புக்குள் சுருக்கியும் அந்தக் கூட்டத்தின் அசைவு குறையவில்லை. நந்தலால் போஸின் கைக்கு என்ன பயிற்சி இருந்திருக்க வேண்டும்!

1950 ஜனவரி 24 அன்று 284 உறுப்பினர்கள் இதில் கையெழுத்திட்டார்கள். பிறகு டேராடூனில் உள்ள சர்வே ஆஃப் இந்தியா அச்சகத்தில் ஆயிரம் நகல்கள் போட்டார்கள், வரைபடம் அச்சடிக்கும் முறையில். மூலப் பிரதிகள் நாடாளுமன்ற நூலகத்தில் ஆக்சிஜன் புகாத கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. காற்றும் ஈரமும் பட்டால் தாளும் மையும் கெட்டுப்போகும் என்பதற்காக இந்த ஏற்பாடு. "அம்பேத்கர் எழுதினாரா, ராய்ஜாதா எழுதினாரா?" என்று வினாடி வினாவில் குழப்புகிறார்கள். சட்ட வாசகத்தை உருவாக்கிய வரைவுக் குழுவின் தலைவர் அம்பேத்கர். அந்த வாசகத்தை அழகாகக் கையெழுத்தில் படியெடுத்தவர் ராய்ஜாதா.

ஊராட்சி வார்டு உறுப்பினர், காஞ்சிபுரம் மாவட்டம்:
உத்திரமேரூர் எங்கள் ஊருக்குப் பக்கம்தான். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள் என்று மேடையில் பேசுகிறார்கள். என்னைப் போன்ற பெண்களும் போட்டார்களா ஐயா?

இல்லையம்மா. எல்லோரும் ஓட்டுப் போடவில்லை, பெண்களுக்கு இடமும் இல்லை. அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேய ஊர். சபையில் இருந்தவர்கள் நிலம் வைத்திருந்த ஆண்கள். நடந்தது வாக்கெடுப்பும் இல்லை, குலுக்கல். இதை மறைத்துப் பெருமை பேச வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஏனென்றால் கல்வெட்டில் உள்ளதே பெருமைக்குப் போதும்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. கணக்குப்படி கி.பி. 919, 921. ஊர் 30 குடும்புகள், அதாவது 30 வார்டுகள். உறுப்பினர் ஆகத் தகுதி: 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு. வேதப் படிப்பு. படிப்பு கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி நிலம் இருந்தாலும் போதும் என்று ஒரு சலுகை. தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் போடுவார்கள். என்ன ஏது என்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அதை எல்லோரும் கேட்க உரக்க வாசிக்க வேண்டும். தேர்ந்தவர்கள் சம்வத்சர வாரியம் (ஆண்டு வாரியம்), தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பிரிந்து 360 நாள் வேலை பார்ப்பார்கள்.

நான் ஒவ்வொரு தடவையும் நின்று படிப்பது யாரெல்லாம் வரக் கூடாது என்ற பகுதியை. கடந்த மூன்று ஆண்டுகளில் பதவியில் இருந்தவர் வரக் கூடாது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் வரவே கூடாது. அதோடு நிற்கவில்லை. அவருடைய தகப்பன், மகன், மருமகன், மாமனார், மாமன், மைத்துனன், சகோதரி மகன், சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் வரை வரிசையாகச் சொல்லி, இவர்கள் பெயரும் குடத்தில் விழக் கூடாது என்கிறது கல்வெட்டு. பினாமி வைப்பது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! இரண்டே ஆண்டு இடைவெளியில் முதல் கல்வெட்டின் விதிகளைத் திருத்தி இரண்டாவது கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள். போட்ட விதி நடைமுறையில் சரிப்படவில்லை என்றதும் உட்கார்ந்து பேசி மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார வழி செய்தது வேறு சட்டம். 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-வது திருத்தம் உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்தது. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது. அடுத்த கிராம சபையில் கணக்கு வாசிக்கும்போது பராந்தகன் காலத்து விதியையும் ஒரு தடவை சேர்த்து வாசியுங்கள். பக்கத்து ஊர்க் கல்வெட்டு, உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், சென்னை பரங்கிமலை:
உலகில் உயரமான சிகரம் எவரெஸ்ட்தானே? பேரன் இல்லை என்கிறான்.

கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட்தான்: 8,848.86 மீட்டர். நேபாளமும் சீனாவும் சேர்ந்து 2020 டிசம்பரில் அறிவித்த அளவு. பேரன் பூமியின் மையத்திலிருந்து அளக்கிறான் போலிருக்கிறது. பூமி சரியான உருண்டை இல்லை; நடுப்பகுதி புடைத்திருக்கிறது. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. ஈக்வடாரில் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் சிம்போராசோ சிகரம் கடல் மட்டத்துக்கு மேல் 6,263 மீட்டர்தான் என்றாலும், மையத்திலிருந்து பார்த்தால் எவரெஸ்டைவிட 2 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. ஹவாயின் மௌனா கியாவைக் கடலடியில் இருக்கும் அடிவாரத்திலிருந்து அளந்தால் 9 கிலோமீட்டரைத் தாண்டும். பேரனும் சரி, நீங்களும் சரி.

நீங்கள் பரங்கிமலையில் இருந்துகொண்டு எவரெஸ்டைப் பற்றிக் கேட்டது எனக்கு ரொம்பச் சந்தோஷம். அந்த உயரத்தைக் கண்டுபிடித்த நெடும் அளவை உங்கள் வீட்டு வாசலில்தான் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கு அருகில் முதல் அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான கோட்டை, அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல் தூரம், பெரும்பாக்கம் பக்கம் வரை. 100 அடி இரும்புச் சங்கிலியை ஏறத்தாழ 400 தடவை வைத்து வைத்து எடுத்திருக்கிறார்கள். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் அதற்கும் கணக்குப் போட வேண்டும். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுக்க அளந்துகொண்டே போனார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் அதைத் தானே உட்கார்ந்து தட்டி நிமிர்த்திச் சரிசெய்தார். 1823-இல் வேலையின் நடுவிலேயே இறந்தும் போனார். அவருக்குப் பின் வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். 1852-இல் கணக்குப் போட்டு இதுதான் உயரமானது என்று கண்டவர் வங்காளியான ராதாநாத் சிக்தார். பெயர் எவரெஸ்டுக்குப் போய்விட்டது. பேரனை ஒருநாள் மலை மேல் கூட்டிப்போய்த் தெற்கே பார்க்கச் சொல்லுங்கள், முதல் கோடு அந்தத் திசையில்தான் போனது.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்:
ஒரு நாட்டின் அதிபர் இன்னொரு நாட்டுக்கு மன்னராக இருக்க முடியுமா?

பிரான்ஸ் அதிபர் அப்படித்தான் இருக்கிறார். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே மலையில் இருக்கும் அண்டோராவுக்கு இரண்டு இணை இளவரசர்கள்: ஸ்பெயினில் உள்ள உர்ஜெல் ஆயர் ஒருவர், பிரான்ஸ் அதிபர் மற்றவர். 1278-இல் உர்ஜெல் ஆயரும் ஃபுவா பிரபுவும் செய்த சமரசம் இது. பிரபுவின் உரிமை பிரெஞ்சு மன்னருக்குப் போய், மன்னராட்சி ஒழிந்த பிறகு அதிபரிடம் வந்து நிற்கிறது. 1993 அரசியல் சட்டப்படி ஆளும் அதிகாரம் மக்கள் தேர்ந்தெடுத்த அரசிடம்தான். சான் மரினோவுக்கு வேறு வழி: ஒரே நேரத்தில் இரண்டு நாட்டுத் தலைவர்கள், ஆறே மாதப் பதவி. ஏப்ரல் 1, அக்டோபர் 1 தேதிகளில் புதியவர்கள் வந்துவிடுவார்கள்.

எட்டாம் வகுப்பு மாணவி, அறந்தாங்கி:
தாத்தா, ஒரு நாட்டில் ஒரு நாளே இல்லாமல் போனது என்று மிஸ் சொன்னார்கள். எப்படி?

சமோவாவில் நடந்தது கண்ணு. 2011-இல் அங்கே டிசம்பர் 29 வியாழக்கிழமை முடிந்ததும் நேராக டிசம்பர் 31 சனிக்கிழமை வந்தது. 30-ஆம் தேதி வெள்ளிக்கிழமையே கிடையாது.

பசிபிக் கடலின் நடுவே சர்வதேசத் தேதிக்கோடு போகிறது. அட்லஸை எடுத்துப் பார், அது நேர்கோடாக இருக்காது, அங்கங்கே வளைந்திருக்கும். எந்த நாடு எந்தப் பக்கம் இருக்க விரும்புகிறதோ அதற்கேற்ப வளைத்துக்கொள்கிறார்கள். 1892-இல் அமெரிக்க வியாபாரிகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று சமோவா அமெரிக்கா பக்கத்துத் தேதிக்கு மாறியது. அப்போது ஜூலை 4-ஐ இரண்டு தடவை வைத்தார்கள். நூறு வருஷம் கழித்து வியாபாரம் எல்லாம் ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் ஆகிவிட்டது. அங்கே திங்கட்கிழமை கடை திறக்கும்போது சமோவாவில் ஞாயிற்றுக்கிழமை. சமோவாவில் வெள்ளிக்கிழமை வேலை நடக்கும்போது அங்கே சனிக்கிழமை லீவு. வாரத்தில் இரண்டு நாள் வீணாகிக்கொண்டிருந்ததால் கோட்டின் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். கிட்டத்திலேயே இருக்கும் அமெரிக்கச் சமோவா பழைய பக்கத்திலேயே இருப்பதால், இரண்டு தீவுகளிலும் கடிகாரம் ஒரே நேரம் காட்டும், காலண்டர் மட்டும் வேறு தேதி காட்டும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கவலை இருந்திருக்கும் இல்லையா, வராத வெள்ளிக்கிழமைக்குச் சம்பளம் உண்டா என்று? கொடுத்தே ஆக வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது.